எழுபத்தெட்டுச் சீட்டும் ஒரு சுண்டுவிரலும்

தம்பி,

இந்தத் திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, சமையலறை மேசையில் அமர்ந்து, நான் ஒரு முக்கியமான முடிவுக்கு வந்தேன். தீபாவளிக்கு வந்தபோது நீ டிவி அலமாரியில் விட்டுப்போன டாரட் சீட்டுக்கட்டு எனக்குப் பொருந்தாது. இது அவசரத்தில் எடுத்த முடிவு அல்ல. எட்டு நாள் ஆராய்ச்சியும் இரண்டு சுற்று நேர்காணலும் பக்கத்து வீட்டுக் கருத்துக்கேட்பும் முடிந்த பிறகு, சம்பந்தப்பட்ட இரண்டு தரப்பும் நேரில் இருக்கும்போதே அறிவிக்கப்பட்டது. ஒரு தரப்பு நான். மறு தரப்பு எழுபத்தெட்டுச் சீட்டுகள். எதிர்ப்பு எதுவும் எழவில்லை. சீட்டுக்கட்டைப் பெட்டியில் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டி, அரிசி டின்மேல் வைத்தேன். பிறகு சர்க்கரை இல்லாத தேநீர் ஒன்று கலக்கிக் குடித்தேன்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், அந்த எட்டு நாளும் சர்க்கரைப் புண் வந்த என் இடது காலின் சுண்டுவிரல் கறுத்துக்கொண்டே வந்தது என்பதுதான்.

உனக்குத் தெரிந்த கதைதான், என்றாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அந்த எட்டு நாள் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை சுங்கைப்பட்டாணி பெரிய ஆஸ்பத்திரியில் கால்கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டருக்கு உன்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். "சத்து ஜாரி ஜா, மக்சிக்," என்று மலாயில் சொல்லி ஒரு விரலை நிமிர்த்திக் காட்டினான். ஒரே ஒரு விரல்தான், இந்த வாரத்துக்குள் எடுத்துவிட்டால் அதோடு நின்றுவிடும், தள்ளிப்போட்டால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றான். சம்மதப் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தான். பேனாவின் மூடியைக்கூடக் கழற்றிக் கொடுத்தான், நல்ல பிள்ளை. மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று நான் சொன்னேன். முப்பத்தோரு வருஷம் அரசாங்க கிளினிக்கில் பதிவு கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள் நான். மகனிடம் கேட்டுவிட்டு வருகிறேன், தம்பியிடம் கேட்டுவிட்டு வருகிறேன், சாமியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர்களின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் எனக்குத் தெரியும். அவர்கள் அடுத்த முறை எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்பதும் தெரியும்.

அன்று சாயங்காலம் நீ கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டாய்.

"மா, சைன் போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"போடாதீங்க. கொஞ்சம் பொறுங்க, நான் ஒரு ரீடிங் பாத்துட்டு கூப்பிடுறேன்."

அரைமணி நேரம் கழித்துக் கூப்பிட்டாய். "வெயிட் பண்ணுன்னு வருது மா. ஆனா இந்த டெக்கு எனக்கு செட் ஆகல, அதான் நம்ப முடியல. உங்ககிட்ட விட்டுட்டு வந்தேன்ல, அது நல்ல டெக்கு. அது உங்களுக்கு செட் ஆகுதான்னு மொதல்ல பாருங்க. ஆச்சுன்னா நீங்களே கேட்டுடுங்க."

உனக்குச் செட் ஆகாத நாலாவது கட்டு அது. எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஆறு நிமிஷத்துக்குக் குரல் பதிவு ஒன்றும் அனுப்பினாய். நான் சரி என்றேன். ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் மறந்துவிடும். நீ சொன்னதற்காக நான் காத்திருக்கவில்லை. காத்திருக்க எனக்கே ஆசையாக இருந்தது. நீ சொன்னது வசதியாகப் போயிற்று, அவ்வளவுதான். அந்த நாள்கள் என் கணக்கு, உன் கணக்கு இல்லை.

ஒரு பொருள் மனிதனுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதை நீ ஏதோ வெளிநாட்டு வீடியோவில் கற்றுக்கொண்டதாக நினைக்கிறாய். நம் ஊர் புக்கிட் செலம்பாவில் அதைத் தவிர வேறு எதையும் நாங்கள் நம்பியதில்லை. நமக்குப் பழைய வீடு ஒத்துக்கொள்ளவில்லை, வாசல் தப்பான திசையில் இருந்தது. நீலக்கலர் மோட்டார் சைக்கிள் உன் சித்தப்பாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவர் லைசென்ஸ் எடுக்காமல் ஓட்டினார் என்பது தனி விஷயம். உன் அப்பாவுக்கு முதல் லோரி ஒத்துக்கொள்ளவில்லை என்று பதிவு எண்ணின் கூட்டுத்தொகையைப் பார்த்து இரண்டாவது லோரி வாங்கினார். அதற்கு பிரேக் சரியில்லை, ஆனால் ஒத்துக்கொண்டது. நம் குடும்பத்துக்கு ஒத்துக்கொள்ளாதவை என்று ஒரு பட்டியல் போட்டால் மூன்று பக்கம் வரும். அதில் ஒரு மனிதரின் பெயர்கூட இருக்காது.

ஆகவே உன் பதிவை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு முறைப்படி தொடங்கினேன். முதல் சோதனை, படங்கள் என்னோடு பேசுகின்றனவா என்பது. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாரும் குளிர் நாட்டுக்காரர்கள். கம்பளி போர்த்திக்கொண்டு கையில் கோப்பையோ கத்தியோ வைத்திருக்கிறார்கள். எவரும் வேலைக்குப் போவதாகத் தெரியவில்லை. இவர்களோடு எனக்குப் பேச என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, நான் எல்லாப் படத்திலும் கால்களை மட்டும் பார்க்கிறேன் என்று தெரிந்தது. ஒருவன் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறான், முகத்தில் ஒரு கவலையும் இல்லை. ஒருவன் மலை விளிம்பில் நடக்கிறான், எங்கே மிதிக்கிறோம் என்று பார்க்கவில்லை. பனியில் இரண்டு பேர் போகிறார்கள், அதில் ஒருவனுக்கு ஊன்றுகோல், பாதத்தில் கட்டு. கட்டு போட்டிருந்த விதம் சரியில்லை. நம் கிளினிக்கில் கட்டுப் போடுகிற மிஸி பார்த்தால் திரும்பக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொல்லியிருப்பாள்.

இரண்டாவது சோதனை, கட்டு கைக்கு அடங்குகிறதா என்பது. அடங்கவில்லை. மூன்றாவது, தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவது. கழுத்து பிடித்துக்கொண்டது. நான்காவதுதான் எனக்குப் பிடித்தது, கட்டை நேர்காணல் செய்வது. உன் பலம் என்ன, உன் குறை என்ன, என்னிடம் எப்படி நடந்துகொள்வாய் என்று கேட்டு ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சீட்டு எடுக்க வேண்டுமாம். பலம் என்ன என்று கேட்டதற்கு, கைகூப்பிப் படுத்துத் தூங்குகிற ஒருவன் வந்தான். அரசாங்க வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பதிலை நான் கேட்டதில்லை. குறை என்ன என்று கேட்டதற்குத் தராசு பிடித்த ஒரு பெண் வந்தாள். என்னிடம் எப்படி நடந்துகொள்வாய் என்ற கேள்விக்கு இரண்டு சீட்டுகள் ஒட்டிக்கொண்டு வந்தன. எதை எடுத்துக்கொள்வது என்று நீ சொல்லவில்லை. மறுநாள் இரண்டாவது சுற்று வைத்தேன். எல்லாப் பதிலும் மாறியிருந்தது. ஆளை நிராகரிக்க அது ஒன்றே போதும், ஆனாலும் நான் நிராகரிக்கவில்லை. ஆராய்ச்சி நீளட்டும் என்றுதான் இருந்தது.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ லெட்சுமி அக்கா வேலிப்பக்கமாக வந்தார். நாலு நம்பர் லாட்டரி எடுப்பதில் இந்தத் தாமான் வீடுகளிலேயே அவரைவிட உழைப்பாளி கிடையாது என்பது உனக்குத் தெரியும். யாருக்காவது விபத்து என்றால் அவர் முதலில் கேட்பது வண்டி நம்பரை.

"என்னா டீச்சர் மாதிரி நோட்டு எல்லாம் வச்சிக்கிட்டு?"

"சீட்டு பாக்குறேன் அக்கா. எனக்கு ஒத்துக்குமா இல்லையான்னு."

அவர் குனிந்து பார்த்தார். சில சீட்டுகளின் தலையில் எண் போட்டிருப்பதைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "அடிப்பாவி, நம்பரோட வருதா இது. இந்தத் தொங்குறவனுக்கு எத்தன?"

"பன்னெண்டு."

"இந்த எலும்புக்கூடு?"

"பதிமூணு."

"பன்னெண்டு பதிமூணு. ஒத்துக்குதா இல்லையான்னு என்னா ஆராய்ச்சி வேண்டிக் கெடக்கு. ஞாயித்துக்கெழம நம்பர் விழுந்தா ஒத்துக்கிச்சு. விழலன்னா வேற யாருக்காச்சும் குடுத்துடு." எழுந்திருக்கும்போது என் காலைப் பார்த்தார். மூக்கைச் சுருக்கியதை மறைக்க முயன்றார். "காலு என்னா சொல்லுது?"

"டாக்டர் ஒரு விரல எடுக்கணுங்கிறான்."

"எடுத்துப்போட வேண்டியதுதானே. சுண்டுவெரல வச்சி என்னாத்த கிழிக்கப்போற? பியானோவா வாசிக்கிற?"

இதுதான் பக்கத்து வீட்டுக் கருத்துக்கேட்பு. நம்பர் விழவில்லை.

இந்த இடத்தில் எழுந்து போய்க் கேட்டைப் பூட்டினேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். பூட்டித்தான் இருந்தது. இன்று காலையிலிருந்து நாலு முறை பார்த்துவிட்டேன். குதிகாலால் நடப்பதால் மெதுவாகத்தான் போக முடிகிறது, அதனால் ஒவ்வொரு முறையும் நல்ல நேரம் ஓடிப்போகிறது. இனி எழுத வேண்டியதை எழுதாமலிருக்க அது உதவுகிறது.

திங்கட்கிழமை காலை, ஆராய்ச்சி போதும், கேட்டுவிடுவோம் என்று உட்கார்ந்தேன். கேள்வி ஒன்றுதான்: விரலை எடுக்கக் கொடுக்கலாமா, வேண்டாமா. கட்டைக் குலுக்கினேன். இரண்டாகப் பிரித்தபோது அடியில் இருந்த சீட்டு கண்ணில் பட்டது. இடி விழுந்து ஆட்கள் கோபுரத்திலிருந்து தலைகீழாக விழும் படம். என் கை அதை நடுவில் சொருகியது. மறுபடி குலுக்கும்போது சூரியனும் குதிரைமேல் சிரிக்கிற குழந்தையும் வந்தன. அந்தச் சீட்டை என் கட்டைவிரல் அழுத்திப் பிடித்து, மற்றவற்றை அதன் கீழே தள்ளி, மேலே கொண்டுவந்து நிறுத்தியது. நான் நினைத்துச் செய்யவில்லை. சமையல் செய்யும்போது உப்பை எப்படிக் கை அள்ளுமோ அப்படிச் செய்தது. சூரியன் வந்தால் எல்லாம் தானே சரியாகும், கத்தி வேண்டாம் என்றுதான் நான் படிப்பேன். கேள்வி கேட்பதற்கு முன்பே பதிலை அடுக்கி வைத்துவிட்டு, அறியாதவள் போல எடுக்கப்போகிறேன்.

சீட்டுக்கட்டை மேசையில் வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தேகால். சீட்டுக்கட்டில் குறை இல்லை. எந்தச் சீட்டை நம்பிக் கையில் கொடுத்தாலும் அடுக்கி வைக்கிற ஒருத்திக்கு எந்தக் கட்டும் பொருந்தாது. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் இதை முன்பும் ஒரு தடவை செய்திருக்கிறேன். அந்தத் தடவை எடுத்தது உன் கை.

நீ அப்போது ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பாவின் பாதத்தில் செம்பனை முள் ஏறி, சர்க்கரை உடம்பில் அது ஆறாமல், பாதம் வீங்கிக் கறுத்தது. பாதத்தை எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்து டாக்டரைப் பார்த்துக் கேட்டது எனக்கு இன்னும் கேட்கிறது: "அப்ப பிரேக்க எதால மிதிக்கிறது?" அன்றே சொந்தப் பொறுப்பில் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்தவர், "ஆத்தாகிட்ட பூ கட்டிப் பாப்போம். வெட்டுன்னு வந்தா வெட்டிக்கிறேன்," என்றார். திகாம் பத்து ஊர்ப்பக்கம் அவர் பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலில், மறுநாள் காலை பார்ப்பதென்று முடிவாயிற்று. சிவப்புப் பூ வந்தால் ஆஸ்பத்திரி. வெள்ளைப் பூ வந்தால் வீடு. சின்னப் பிள்ளைதான் எடுக்க வேண்டும் என்பதால் நீ.

பொட்டலம் கட்டியது நான். நம் வீட்டுப் பின்புறம் செம்பருத்தியும் இருந்தது, நந்தியாவட்டையும் இருந்தது. செம்பருத்தி ஒன்றைப் பறித்தேன். சமையலறைக்குக் கொண்டுவந்து வாழையிலைத் துண்டில் வைத்தேன். பிறகு அதை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, இரண்டு இலையிலும் நந்தியாவட்டையை வைத்து நாரால் கட்டினேன்.

கோயிலில் பூசாரி, "கண்ண மூடிக்கிட்டு ஒண்ண எடுடா சாமி," என்றார். நீ வலது கையால் எடுத்தாய். வெள்ளை. உன் அப்பா அந்தக் காலோடு உன்னைத் தூக்கினார். "எம்மவன் கை, ராசியான கை," என்று அங்கிருந்த எல்லாரிடமும் சொன்னார். நீ சிரித்தாய். பிறகு மிச்சமிருந்த பொட்டலத்தைக் காட்டி, "அதையும் பிரிக்கட்டுமா மா?" என்று கேட்டாய். பிள்ளைகள் எல்லாரும் கேட்கிற கேள்விதான். "கூடாது, ஆத்தா கோவிச்சுக்கும்," என்று உன் கையைத் தட்டிவிட்டு, அதை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். திகாம் பத்து பஸ் நிற்கும் இடத்தில் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

பதினைந்தாம் நாள் உன் அப்பா போய்விட்டார். அவரை எடுத்த அன்று வீட்டில், உன் அத்தை முறையான ஒருத்தி, நீ பக்கத்தில் நிற்கிறாய் என்பது தெரியாமல், "பாவம், புள்ள கையில வந்த பூ," என்றாள். நான் கேட்டேன். நீ கேட்டதையும் பார்த்தேன். வாயைத் திறக்க அதைவிடச் சரியான நேரம் கிடைத்திருக்காது. நான் வந்தவர்களுக்குக் காப்பி போதுமா என்று பார்க்க எழுந்து போனேன்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். அவர் ஆசைப்படிதான் செய்தேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, அவருக்கும் வெள்ளைதான் வேண்டியிருந்தது. மீதி உண்மை வேறு. அவர் கோபக்காரர். லோரியில் போகிற நாள் அந்தக் கோபம் லோரிக்குப் போய்விடும். ஒற்றைக் காலோடு வீட்டிலேயே உட்கார்ந்தால் அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். உனக்கும் கொஞ்சம் தெரியும். அதோடு, அந்தச் சம்மதப் படிவத்தை நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கவுண்டரில் தள்ளி, "இங்க ஒரு சைன்," என்று சொன்னவள் நான். என் முறை வந்தபோது பேனாவைத் தொட முடியவில்லை. அதனால் பதினொரு வயதுப் பிள்ளையின் கையைப் பேனாவாக்கினேன்.

அதன் பிறகு நீ எதையும் வலது கையால் பொறுக்கி எடுத்ததில்லை. எழுதுவாய், சாப்பிடுவாய், பந்து எறிவாய். பள்ளிக்கூட அதிர்ஷ்டக் குலுக்கலில் சீட்டு எடுக்கச் சொன்னால் இடது கையை நீட்டுவாய். வாத்தியார் அடித்தும் மாற்றவில்லை. நாசி கண்டார் சோற்றுக்கடையில், "என்னா கறி வேணும் தம்பி?" என்று பாய் கேட்டால், "எதாச்சும் போடுங்கலா," என்பாய். பல்கலைக்கழகத்தில் என்ன படிப்பது என்பதை உன் கூட்டாளி தீர்மானித்தான். சீட்டைக்கூட இடது கையால்தான் எடுக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருப்பதாக தீபாவளிக்கு நீ எனக்கு விளக்கினாய். நான் தலையாட்டிக்கொண்டு முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்தேன். இருபத்திரண்டு வருஷமாக நான் எதையாவது நகர்த்தி வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் கை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதான் வந்திருக்கும். இதை இரண்டு முறை படி.

எனக்கு மன்னிப்பு வேண்டுமா என்று யோசித்துப் பார்த்தேன். வேண்டும். ஆனால் அதை நீ சீட்டு எடுத்துப் பார்த்துக் கொடுக்க வேண்டாம். வேண்டாமென்று தோன்றினால் கொடுக்காதே, அதையும் நீயே தீர்மானித்ததாக இருக்கட்டும். அம்மா மகனுக்கு எழுதும் கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டுமாம். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. யாராவது இரண்டு பொட்டலத்தை நீட்டி ஒன்றை எடு என்றால், எடுப்பதற்கு முன் இரண்டையும் பிரித்துக் காட்டச் சொல். கூடாது, சாமி கோபிக்கும் என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடு. நீட்டுவது பெற்ற தாயாக இருந்தாலும் சரி.

உன் நாலு கட்டும் உனக்கு ஏன் பொருந்தவில்லை என்று என்னைக் கேட்டால், எனக்குத் தெரியாது. ஐந்தாவதையும் வாங்கிப் பார். படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. பொழுதுபோக்குக்கு எடுத்தால் வலது கையாலும் எடுத்துப் பார்.

இதுவரை எழுதியது திங்கட்கிழமை. கடிதத்தை மடிக்கவில்லை. போனில் சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை உன் எண்ணைத் தொட்டுவிட்டு வைத்தேன். நீ திரும்பக் கூப்பிட்டபோது கை தவறிப் பட்டுவிட்டது என்றேன். செவ்வாய்க்கிழமை காலை லெட்சுமி அக்காவின் மகன் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். அதே டாக்டர்தான். கட்டைப் பிரித்துப் பார்த்து, இந்த முறை விரலை நிமிர்த்திக் காட்டவில்லை. படிவத்தைக் கேட்டு வாங்கி நானே கையெழுத்துப் போட்டேன்.

இந்தக் கடைசிப் பத்தியை வார்டில் எழுதுகிறேன். பக்கத்துக் கட்டிலில் பண்டார் பாருவிலிருந்து வந்த ஓர் அம்மாள் காலையிலிருந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறார், சத்தத்தைக் குறைக்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சோறு மோசமில்லை. ஆபரேஷன் புதன்கிழமை காலை நடந்தது. சுண்டுவிரலையும் அதற்கடுத்த விரலையும் எடுத்திருக்கிறார்கள்.

அம்மா